குகைக்கு முந்தின நாள்

இன்னிக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, கோட் எழுதும்போது காதுல ஓடுற இசையைப் பத்திப் பேசினோம் இல்லையா, அதுல மெண்டல்சோனோட 'ஹெப்ரிடீஸ்' ஓவர்ச்சரைப் பத்தி ஒரு நிமிஷம் சொன்னேன். இருபது வயசுப் பையன் ஒருத்தன் ஸ்காட்லாந்து கடல்ல இருக்கிற ஒரு குகைக்குள்ள போறான், அலை உள்ள வந்து மோதி எதிரொலிக்குது, அந்த எதிரொலியையே மெட்டாக்கிட்டான்னு. நல்லா ஃபீல் பண்ணித்தான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு நேயர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. ரொம்ப சின்ன மெயில். மெட்டு எழுதின தேதி 1829 ஆகஸ்ட் 7, குகைக்குப் போன தேதி ஆகஸ்ட் 8, கொஞ்சம் சரி பாருங்கன்னு.

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஒரு நாள் வித்தியாசம்தானேன்னு விட்டுட முடியல. நான் சொன்ன மொத்தக் கதையும் அந்த ஒரு நாள் மேலதான் நிக்குது. லாக்ல டைம்ஸ்டாம்ப் பார்க்காம ரூட் காஸ் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ஒரு சமாதானம், இந்தத் தப்பு எனக்கு மட்டும் சொந்தமில்ல. இந்த இசைக்கு உலகம் முழுக்க இருக்கிற இன்னொரு பேரே 'ஃபிங்கலின் குகை'. பேரே குகைன்னு இருந்தா, குகையிலதான் பிறந்துச்சுன்னுதானே நினைப்போம்?

அப்போ குகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே குகை இசை எப்படி வந்துச்சு? ஒரு வாரமா இதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன். கிடைச்சதை அப்படியே சொல்றேன்.

முதல்ல ஆளைப் பத்தி சுருக்கமா. ஃபெலிக்ஸ் மெண்டல்சோன், 1809-ல ஹாம்பர்க்ல பிறந்து பெர்லின்ல வளர்ந்தவர். வசதியான குடும்பம். தாத்தா மோசஸ் மெண்டல்சோன் பேர்பெற்ற தத்துவ அறிஞர், அப்பா வங்கி நடத்தினவர், அக்கா ஃபானியும் கம்போசர். பதினாறு வயசுல ஃபெலிக்ஸ் எழுதின ஆக்டெட்டை இன்னிக்கும் மேடையில வாசிக்கிறாங்க. 1829 மார்ச் 11-ஆம் தேதி பெர்லின்ல பாக்கோட 'மத்தேயு பேஷன்' படைப்பைத் தானே நின்னு நடத்தினார். பாக் இறந்து எண்பது வருஷம் ஆகப்போகுது, அந்தப் படைப்பு மேடையில இருந்தே காணாமப் போயிருந்த நேரம். அதைத் திரும்பக் கொண்டு வந்தவர் இருபது வயசுப் பையன். இந்த பாக் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்த மாசமே லண்டன். கச்சேரி, விருந்து, கைதட்டல் எல்லாம் முடிஞ்சு ஜூலை கடைசியில ஸ்காட்லாந்துக்குக் கிளம்பறார். கூட வந்தது கார்ல் கிளிங்கமன்னு ஒரு நண்பர். லண்டன்ல ஹானோவர் நாட்டுத் தூதரகத்துல வேலை பார்த்தவர், எழுதவும் தெரியும், கிண்டலும் தெரியும். இந்தப் பயணத்தைப் பத்தி நமக்குத் தெரியறதுல பாதி அவர் புண்ணியம்.

ஜூலை 30, எடின்பரோ. ஹோலிரூட் அரண்மனை, அதை ஒட்டிக் கூரை இடிஞ்சு போன ஒரு தேவாலயம். உள்ள புல்லு, சுவரெல்லாம் கொடி. அங்கே நின்னப்போதான் தன்னோட ஸ்காட்டிஷ் சிம்ஃபனிக்கு ஆரம்பம் கிடைச்சுதுன்னு வீட்டுக்கு எழுதறார். அதே கடிதத்துல, மேரி ராணிக்கு முடிசூட்டினது இந்த இடத்துலதான்னும் எழுதறார். உண்மையில அந்த முடிசூட்டு நடந்தது ஸ்டர்லிங்ல, 1543-ல, மேரி ஒன்பது மாசக் குழந்தையா இருந்தப்போ. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஊர் சுத்திப் பார்த்துட்டு தப்புத்தப்பா கதை சொல்றது நான் மட்டும் இல்ல.

அடுத்த நாள் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டைப் பார்க்கப் போனாங்க. அவர் வெளியூர் கிளம்பிட்டு இருந்தார். அரை மணி நேரம் ஒப்புக்குப் பேசிட்டு அனுப்பிட்டார். அதுக்கப்புறம் மலைப்பகுதி, மழை, மழை, இன்னும் கொஞ்சம் மழை. ஒருவழியா மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தாங்க.

இப்போ அந்த ஆகஸ்ட் 7.

வரைபடத்தைக் கண்ணு முன்னாடி கொண்டு வாங்க. ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில ஓபன்னு ஒரு துறைமுக ஊர். எதிர்ல மல் தீவு. ரெண்டுக்கும் நடுவுல நீளமா ஒரு கடல் இடுக்கு. அது வழியா வடக்கே போனா, மல் தீவோட நுனியில டோபர்மோரின்னு ஒரு சின்ன ஊர். இதுக்கெல்லாம் மேற்கே திறந்த கடல், சிதறிக் கிடக்கிற தீவுகள். அந்தத் தீவுக் கூட்டத்துக்குத்தான் ஹெப்ரிடீஸ்னு பேர்.

ஓபன்ல மெண்டல்சோன் முதல்ல எடுத்தது பென்சில். அவருக்கு நல்லா வரைய வரும். முன்னாடி ஒரு மரம், பக்கத்துல டனோலி கோட்டையோட இடிபாடு, தூரத்துல கடலும் தீவும் மலையும். தேதி போட்டு வச்சிருக்கார், ஆகஸ்ட் 7. அப்புறம் படகு ஏறி டோபர்மோரி. அன்னிக்கே வீட்டுக்கு ஒரு கடிதம். அதுல வர்ணனை எதுவும் கிடையாது. ஹெப்ரிடீஸ் என்னை எப்படிப் பாதிச்சுதுன்னு உங்களுக்குப் புரியணும்னா, அங்கே என் மனசுல வந்தது இதுதான்னு ஒரு வரி சொல்லிட்டு, நேரா இசைக் கோடு போட்டு 21 பார் எழுதிட்டார். பார்ங்கிறது தாளத்தோட ஒரு சுற்றுன்னு வச்சுக்கோங்க. எந்த இடத்துல எந்த வாத்தியம்னுகூட குறிச்சிருக்கார்.

இன்னிக்கு நாம கேட்கிற ஓவர்ச்சரோட ஆரம்பமும் ஏறக்குறைய அதேதான்.

(இங்கே முதல் முப்பது விநாடி ஒலிக்கிறது)

கேட்டீங்களா? கீழே வயோலா, செல்லோ, பாஸூன். ஒரே ஒரு பார் நீளத்துக்கு ஒரு சின்ன வளைவு, மேல இருந்து கீழே இறங்குது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு: ப க ரி க ஸ, அப்புறம் கீழ் ப. காந்தாரம் சாதாரண காந்தாரம். அவ்வளவுதான் மொத்த மெட்டும். இதை மெட்டுன்னு சொல்றதே கொஞ்சம் அதிகம். அதை அப்படியே இன்னொரு தடவை வாசிக்கிறாங்க. அப்புறம் அதே உருவத்தை வேற உயரத்துல ரெண்டு தடவை. அப்புறம் இன்னும் உயரத்துல. மேல வயலின்கள் ஒரே ஸ்வரத்தை நீளமா பிடிச்சுக்கிட்டு நிக்குது, கீழே வளைவு இடம் மாறும்போது அதுவும் ஒரு படி ஏறுது.

அந்தப் படிகள்லதான் விஷயமே இருக்கு. பி மைனர்ல ஒரு படைப்பு ஆரம்பிச்சா, சீக்கிரம் எஃப் ஷார்ப் மேஜருக்குப் போய் ஒரு இழுப்பு கொடுத்து திரும்ப வீட்டுக்கு வர்றதுதான் பாடப்புத்தக வழி. அந்த இழுப்புதான் கேட்கிறவனுக்கு 'இது வீடு, இது வாசல்'னு காட்டும். இவர் அதை ஆரம்பத்துல தொடவே இல்ல. பி மைனர், டி மேஜர், எஃப் ஷார்ப் மைனர்னு மூணு மூணு ஸ்வரமா மேல நகர்றார். அதனால எங்கேயோ போறோம்ங்கிற உணர்வு வரல. இருந்த இடத்துலயே இருக்கோம், வெளிச்சம் மட்டும் மாறுது. கடற்கரையில ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு இது தெரியும். அலை அதே அலைதான், ஆனா ரெண்டு அலை ஒரே மாதிரி இருக்காது.

அவர் எழுதினது எதிரொலி இல்ல. தூரத்துல இருந்து பார்த்த கடல். ஓபன்ல வரைஞ்ச படத்துலயும் இருக்கிறது அதுதான்னு எனக்குத் தோணுது. ஒரே நாள்ல ஒரே காட்சியைக் கோட்டுல ஒரு தடவை, ஸ்வரத்துல ஒரு தடவை எழுதியிருக்கார்.

சரி, குகைக்கும் போயிட்டு வந்துடுவோம். டிக்கெட் எடுத்தாச்சு இல்லையா.

ஆகஸ்ட் 8, டோபர்மோரியில இருந்து ஸ்டாஃபா, அயோனா தீவுகளுக்கு நீராவிக் கப்பல். ஸ்காட்லாந்துல கிளைடு ஆத்துல 'காமெட்' பயணிகள் நீராவிக் கப்பல் ஓட ஆரம்பிச்சது 1812-ல. பதினேழு வருஷத்துக்குள்ள ஸ்டாஃபா ஒரு சுற்றுலா ரூட் ஆயிடுச்சு. காட்டுத்தனமான, மனுஷன் கால் படாத இயற்கைன்னு நாம இந்த இசையைப் பத்தி நினைச்சுக்கிறோம், ஆனா மெண்டல்சோன் போனது கூட்டத்தோட கூட்டமா, புகை கக்குற கப்பல்ல.

கடல் அன்னிக்கு சரியில்ல. கப்பல்ல பாதிப் பேர் படுத்துட்டாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம ஆளும் உண்டு. கிளிங்கமன் இதைக் கிண்டலா எழுதி வச்சிருக்கார்: ஃபெலிக்ஸுக்குக் கடலோட ஒத்துப்போகுது, ஆனா கலைஞனாத்தான், வயிறு உள்ள மனுஷனா இல்லன்னு. குகையைப் பத்தி நமக்குக் கிடைக்கிற வர்ணனையும் அவரோடதுதான். பிரம்மாண்டமான ஆர்கன் வாத்தியத்தோட உட்புறம் மாதிரி, கருப்பா, ஒலிச்சுக்கிட்டு, எந்தப் பயனும் இல்லாம தனியா கிடக்குதுன்னு சொல்றார்.

ஆர்கன்னு சொன்னதுக்குக் காரணம் அந்தத் தூண்கள். குகையோட சுவர் முழுக்க பசால்ட் பாறைத் தூண், பெரும்பாலும் ஆறு பக்கம், யாரோ அச்சுல வார்த்த மாதிரி. சுமார் 6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெளிவந்த எரிமலைக் குழம்பு அது. ஏரி வத்தினா சேறு சுருங்கிக் கட்டம் கட்டமா வெடிக்கும் இல்லையா, அதே கணக்குதான். குழம்பு ஆறும்போது சுருங்குது, மேல்பரப்புல வெடிப்பு விழுது, குளிர்ச்சி உள்ள இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்குது, நீளத் தூண்களா பிரிஞ்சு நிக்குது. வட அயர்லாந்துல இருக்கிற ஜயன்ட்ஸ் காஸ்வேயும் இதே காலத்து எரிமலை வேலைதான். ஸ்டாஃபா குகை கிட்டத்தட்ட 70 மீட்டர் உள்ள போகுது, உயரம் 20 மீட்டர் இருக்கும், தரை கடல். அலை உள்ள நுழைஞ்சா சத்தம் நிக்கவே நிக்காது. கேலிக் மொழியில அதுக்கு 'இனிய ஒலியுள்ள குகை'ன்னே ஒரு பேர் உண்டு.

அப்போ ஃபிங்கல் யாரு? இது தனிக் கதை. 1760-கள்ல ஜேம்ஸ் மக்ஃபெர்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஓசியன்னு ஒரு பழங்காலக் கேலிக் கவிஞனோட பாடல்களைக் கண்டுபிடிச்சு மொழிபெயர்த்தேன்னு புத்தகம் போட்டார். அதுல வர்ற வீரன்தான் ஃபிங்கல். ஐரோப்பாவே படிச்சுது, நெப்போலியன்கூட அதுக்கு ரசிகர். மூலச்சுவடியைக் காட்டுன்னு சாமுவேல் ஜான்சன் சண்டைக்கு வந்தார். கடைசியில பார்த்தா, அங்கங்கே உண்மையான பழங்கதைத் துண்டுகள், மீதியெல்லாம் மக்ஃபெர்சனோட சொந்தச் சரக்கு. அந்தப் புத்தக ஜுரம் ஓடிட்டு இருந்தப்போ, 1772-ல ஐஸ்லாந்து போற வழியில ஜோசஃப் பேங்க்ஸ்னு ஒரு இயற்கை ஆய்வாளர் ஸ்டாஃபாவுல இறங்கிப் பார்த்துட்டு குகையைப் பத்தி எழுத, 'ஃபிங்கலின் குகை'ங்கிற பேர் வெளியுலகத்துல ஒட்டிக்கிச்சு.

ஆக, சந்தேகத்துக்கு இடமான ஒரு பெஸ்ட்செல்லர்ல இருந்து குகைக்குப் பேர் வந்துச்சு. குகைகிட்ட இருந்து இசைக்குப் பேர் வந்துச்சு. அந்த இசையோட முதல் பக்கமோ குகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எழுதினது. பேர் மேல பேர் ஒட்டிக்கிட்டே போயிருக்கு.

மெண்டல்சோனுக்கே பேர் விஷயத்துல தெளிவில்ல. 1830 டிசம்பர்ல ரோம்ல இதை முதல் தடவை எழுதி முடிச்சப்போ அவர் மனசுல இருந்த தலைப்பு 'தனித் தீவு'. 1832 மே 14-ஆம் தேதி லண்டன் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டியில முதல் கச்சேரி நடந்தப்போ 'ஃபிங்கலின் தீவுகள்'. அப்புறம் 'ஹெப்ரிடீஸ்'. 1830-கள்ல அச்சுக்குப் போனப்போ, வாத்தியக்காரங்களுக்கான தனித்தனிப் பிரதிகள்ல 'ஹெப்ரிடீஸ்', நடத்துறவருக்கான முழுப் பிரதியில 'ஃபிங்கலின் குகை'. ஒரே ரிலீஸ், ஃபைலுக்கு ஃபைல் வேற பேர். நம்ம டீம்ல இப்படிப் பண்ணினா ரிவ்யூவுல கிழிச்சிருப்பாங்க. இதுல குகைப் பேர்தான் கவர்ச்சி, அதான் நின்னுது.

நான் இனிமே ஹெப்ரிடீஸ்னுதான் சொல்லப் போறேன்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஆரம்பம் ஒரு நாள்ல வந்துச்சு. மீதி வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தார்?

ரோம்ல முடிச்சதை அவர் வெளியிடல. 1832 ஜனவரியில பாரிஸ்ல இருந்து வீட்டுக்கு எழுதின ஒரு கடிதத்துல காரணம் இருக்கு. நடுவுல டி மேஜர்ல சத்தமா வர்ற பகுதி அசட்டுத்தனமா இருக்காம். அப்புறம் அந்த டெவலப்மென்ட் பகுதி, அதாவது ஆரம்பத்துல வந்த மெட்டுகளை உடைச்சு, பின்னி, வளர்க்கிற பகுதி, அதுல மீன் எண்ணெய், கடற்பறவை, உப்புக்கண்டம் போட்ட மீன் இதெல்லாம் மணக்கிறதைவிட கவுன்டர்பாயின்ட்தான் அதிகமா மணக்குதாம். அது தலைகீழா இருக்கணும்னு சொல்றார்.

உப்புக்கண்டம் போட்ட மீன்னா நம்ம பாஷையில கருவாடு. ஐரோப்பாவோட நாகரிகமான வரவேற்பறைகள்ல வளர்ந்த ஒரு பணக்கார வீட்டுப் பையன், தன்னோட ஆர்கெஸ்ட்ராவுல கருவாட்டு வாசம் வரலன்னு கவலைப்பட்டுட்டு உட்கார்ந்திருக்கார்.

கவுன்டர்பாயின்ட்னா, ஒரே நேரத்துல ரெண்டு மூணு மெட்டு தனித்தனியா ஓடி, ஒண்ணோட ஒண்ணு பிசகாம பொருந்துற கலை. அதுல உச்சம் தொட்டவர் பாக். இப்போ அந்த மார்ச் 11-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. மெண்டல்சோனுக்குச் சின்ன வயசுல இருந்தே பயிற்சி அதுலதான், ஆசிரியர் செல்ட்டர் பாக் பைத்தியம். ஸ்காட்லாந்துக்குப் போறதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் பாக்கோட மாபெரும் படைப்பை நடத்தி முடிச்சிருக்கார். அப்போ ஒரு மெட்டைக் கையில கொடுத்து 'வளர்த்து எடு'ன்னு சொன்னா அவர் விரல் எங்கே போகும்? தெரிஞ்ச இடத்துக்குத்தான் போகும். தப்பில்லாம, அழகா, இலக்கணமா வந்திருக்கும். கடல்தான் அதுல இருந்திருக்காது.

இது எனக்கு ஏன் உறைச்சுதுன்னா, வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதச் சொன்னாங்க. நான் காலேஜ்ல படிச்ச டிசைன் பேட்டர்ன் அத்தனையும் போட்டு, எந்த ரிப்போர்ட்டையும் உருவாக்கக்கூடிய ஒரு ஃபிரேம்வொர்க்கே கட்டிட்டேன். ஒரு வாரம் ஆச்சு. எங்க சீனியர் அக்கா பொறுமையா முழுசா படிச்சுட்டு, "தம்பி, இதுல நீ படிச்சது எல்லாம் தெரியுது. அவங்க கேட்டதுதான் தெரியல"ன்னாங்க. ஒரு நாள் முழுக்க அவங்க மேல கோபமா இருந்தேன். மறுநாள் நானே எல்லாத்தையும் அழிச்சேன். நாற்பது வரியில முடிஞ்சுது.

மெண்டல்சோனுக்கு அதைச் சொல்ல சீனியர் யாரும் தேவைப்படல, அவரே தனக்கு ரிவ்யூ எழுதிக்கிட்டார். லண்டன்ல வாசிச்சு முடிச்ச பிறகும் விடல, ஜூன்ல மறுபடி திருத்தினார். 1833 ஜனவரி 10-ஆம் தேதி பெர்லின்ல அவரே நடத்தினப்போதான் நமக்குத் தெரிஞ்ச வடிவம் மேடைக்கு வந்துச்சு. அந்த ரோம் வெர்ஷன் இன்னும் இருக்கு. ரிக்கார்டோ ஷாய், லைப்ஸிக் கெவான்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவோட அதைப் பதிவு பண்ணியிருக்கார். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க. டிஃப் பார்க்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு நல்ல தீனி.

இறுதி வடிவத்துல அந்த நடுப்பகுதியைக் கேட்டா, முதல்ல தூரத்துல ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்கு யாரோ கூப்பிடற மாதிரி காற்று வாத்தியங்கள் மாத்தி மாத்திக் குரல் கொடுக்கும். அந்த ஒரு பார் வளைவு கீழே ஓடிக்கிட்டே இருக்கும். வித்தை இல்லாம இல்ல. இருக்கு, ஆனா வெளியே நீட்டிக்கிட்டு தெரியாது. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பெருசு கிடையாது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாஸூன், ஹார்ன், டிரம்பெட் எல்லாம் ரெண்டு ரெண்டு, டிம்பனி, தந்தி வாத்தியங்கள். டிராம்போன் கிடையாது. பத்து நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சுடும். ஸ்காட்லாந்துன்னதும் பேக்பைப் வரும்னு எதிர்பார்த்தா அதுவும் கிடையாது, நாட்டுப்புற மெட்டு ஒண்ணுகூட எடுத்தாளல. அதே ஆகஸ்ட் மாசம் வேல்ஸ்ல இருந்து எழுதின கடிதத்துல, ஓட்டல் ஓட்டலா 'தேசிய இசை'ன்னு வாசிச்சு உயிரை எடுக்கிறாங்கன்னு கொதிச்சுத் தள்ளியிருக்கார். டூரிஸ்ட்டா போனவர், ஆனா டூரிஸ்ட் கடையில எதுவும் வாங்கல.

இப்போ நீங்க கேட்கலாம். தலைப்பை மறைச்சுட்டா இதுல கடல் கேட்குமா? நாமளா கற்பனை பண்ணிக்கிறோமா?

நியாயமான கேள்விதான். இதுக்கு ஒரு பிரபலமான சங்கடமே இருக்கு. ஹோலிரூட்ல ஆரம்பிச்ச அந்த ஸ்காட்டிஷ் சிம்ஃபனி முடியறதுக்கு 1842 ஆச்சு, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல. அடுத்த வருஷம் ராபர்ட் ஷூமன் அதுக்கு ஒரு விமர்சனம் எழுதினார். ஷூமன் சாதாரணக் காது இல்ல, அவரே பெரிய கம்போசர். ஆனா யாரோ தப்பாச் சொன்னதுல, இது இத்தாலியில ஆரம்பிச்ச சிம்ஃபனின்னு நினைச்சுக்கிட்டார். விளைவு? ஸ்காட்லாந்து மூடுபனியைக் கேட்டுட்டு, இத்தாலியோட அழகு அப்படியே கண்ணு முன்னாடி வருதுன்னு உருகிட்டார். ஷூமனுக்கே இந்த கதின்னா, குகை எதிரொலி கேட்ட நான் எம்மாத்திரம்.

அதனால ஸ்வரத்துக்குள்ள ஸ்காட்லாந்து இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கிறது அசைவு. தலைப்பு தெரியாம கேட்கிற ஒருத்தர் இதை ஒரு மரக்கிளையோட ஆட்டம்னு நினைக்கலாம், தூக்கம் வராத ஒரு ராத்திரின்னு நினைக்கலாம். ஆனா நேரா நடக்கிற அணிவகுப்புன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. இசையால ஒரு இடத்தோட பேரைச் சொல்ல முடியாது. அந்த இடத்துல உடம்பு எப்படி ஆடிச்சுன்னு சொல்ல முடியும். அவருக்கு அடுத்த நாள் கப்பல்ல அது வேற விதமா ஆடிச்சு, அது வேற விஷயம்.

ரிச்சர்ட் வாக்னர் இந்த ஓவர்ச்சரைப் பாராட்டி, மெண்டல்சோனை முதல் தரமான நிலக்காட்சி ஓவியர்னு சொன்னார். கேட்க நல்லா இருக்கு. ஆனா அதே வாக்னர்தான் 1850-ல இசையில யூதர்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி, யூதக் குடும்பத்துல பிறந்த மெண்டல்சோனால மனசோட ஆழத்தைத் தொட முடியாதுன்னு சொன்னவர். அப்போ 'ஓவியர்'ங்கிறதுல ஒரு குத்தலும் ஒளிஞ்சிருக்கு: மேலோட்டமா அழகா வரைவார், அவ்வளவுதான்னு. அந்தப் பேச்சு வெறும் பேச்சா நிக்கல. 1936-ல நாஜி ஆட்சியில லைப்ஸிக்ல இருந்த மெண்டல்சோன் சிலையை அகற்றினாங்க, அவர் இசையும் ஜெர்மன் மேடைகள்ல இருந்து போச்சு. நிலக்காட்சியை நல்லா எழுதினார்னு சொல்றது முழுப் பாராட்டா, பாதிப் பாராட்டான்னு எனக்கு இனிமே எப்பவும் ஒரு சந்தேகம் இருக்கும். என்னைக் கேட்டா, மேலோட்டமா எழுதத் தெரிஞ்சவர் மீன் எண்ணெய் மணக்கலன்னு மூணு வருஷம் காத்திருக்க மாட்டார்.

சரி, கேட்கப் போறவங்களுக்கு ரெண்டு அடையாளம் மட்டும். ரெண்டு நிமிஷத்தை ஒட்டி, செல்லோவும் பாஸூனும் அடியில இருந்து எழுந்து வர்ற ஒரு நீளமான மெட்டு இருக்கு. அதுவரைக்கும் எல்லாம் இறங்கிட்டே இருந்துச்சு, இதுதான் முதல் தடவையா ஏறுது. விமர்சகர் டொனால்ட் டோவி, மெண்டல்சோன் எழுதினதுலயே தலைசிறந்த மெட்டு இதுதான்னு சொல்லியிருக்கார். அதே மெட்டு ஏழு, ஏழரை நிமிஷத்துக்கு அப்புறம் கிளாரினெட்ல திரும்ப வரும், ரொம்ப அமைதியா, நேரமே நின்ன மாதிரி. பஸ்ல கேட்காதீங்க, ஹாரன் சத்தத்துல அந்த இடம் காணாமப் போயிடும்.

அதுக்கப்புறம் ஒரு புயல் கிளம்பும், ஆர்கெஸ்ட்ரா முழுக்க மோதும், முடிஞ்சுதுன்னு கை தட்டத் தோணும். தட்டாதீங்க. கடைசியில சத்தமெல்லாம் அடங்கி, கிளாரினெட் அந்த முதல் வளைவை மெதுவா சொல்லும், புல்லாங்குழல் மேல ஏறிப் போகும், தந்திகளை விரலால மெல்லத் தட்டுவாங்க. அவ்வளவுதான். அலை நின்ன மாதிரி இருக்காது, நாம கரையை விட்டுத் தள்ளிப் போயிட்ட மாதிரி இருக்கும்.

(இங்கே கடைசி நாற்பது விநாடி ஒலிக்கிறது)

மெயில் அனுப்பின நேயருக்கு நன்றி. பழைய எபிசோடோட குறிப்புல திருத்தம் போட்டாச்சு. இந்த எபிசோடுலயும் தேதி நிறைய சொல்லியிருக்கேன், சரி பார்த்துட்டு எழுதுங்க.